அலாய் வீல் மாத்துறதுக்கு முன்னாடி டயர் சைஸை முடிவு பண்ணிடுங்க

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடத்துல ஒரு வீல் கடைக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, வர்றவங்க எல்லாருமே மொதல்ல டிசைனைத்தான் பாக்குறாங்க. சுவத்துல தொங்குற 17 இன்ச் டைமண்ட் கட் அலாய் புடிச்சுப் போயிடும், அட்வான்ஸும் கொடுத்துடுவாங்க, அதுக்கப்புறம்தான் "அண்ணே, இதுக்கு என்ன டயர் போடலாம்"னு கேப்பாங்க. கடைக்காரர் அன்னைக்கு ஸ்டாக்ல இருக்கிற டயர் எதுன்னு பாத்து அதை மாட்டி அனுப்பிடுவார். இந்த வரிசையே தப்பு. மொதல்ல டயர் சைஸ், அதுக்கு ஏத்த ரிம் அகலம், அப்புறம் ஈ.டி, பி.சி.டி (வீல் வண்டியில சரியா உக்காரணும்னா பாக்க வேண்டிய அளவுகள், கீழ சொல்றேன்) எல்லாம் ஒத்து வர்ற வீல் எதெதுன்னு பாத்து, அந்தக் கூட்டத்துல இருந்து புடிச்ச டிசைனை எடுக்கணும்.

எந்தக் காருக்கும் கணக்கு ஒண்ணுதான், ஆனா ஒரு காரை வச்சு சொன்னா சீக்கிரம் புரியும், அதனால மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கிறேன், நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு நிக்குது. கீழ் வேரியன்ட்ல 165/80 ஆர்14 வருது, மேல் வேரியன்ட்ல 185/65 ஆர்15 வருது.

டயர்ல எழுதியிருக்கிற நம்பர்

185/65 ஆர்15 88 எச்னு எழுதியிருந்தா, 185ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கிறது சைடுவால், அதாவது ரிம்முக்கும் ரோட்டுல படுற பாகத்துக்கும் நடுவுல இருக்கிற டயரோட பக்கச் சுவர், அதோட உயரம், ஆனா இது மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல 65 சதவீதம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, ஏன்னா அகலம் மாறினா அதே 65க்கு சைடுவால் உயரமும் மாறிடும், 205/65ல வர்ற சைடுவால் 185/65ல வர்றதை விட உயரம். ஆர்னா ரேடியல், 15 ரிம் இன்ச். 88 அந்த டயர் எவ்வளவு வெயிட் தாங்கும்ங்கிறதுக்கான கோடு, கடைசி எழுத்து எவ்வளவு ஸ்பீடு தாங்கும்ங்கிறதுக்கு.

இப்ப முழு டயரோட உயரத்தைக் கணக்குப் போடுவோம், ஃபோன்ல இருக்கிற கால்குலேட்டர் போதும். 185ஐ 0.65ஆல பெருக்கினா 120.25, அது ஒரு பக்க சைடுவால். மேல ஒண்ணு கீழ ஒண்ணு, அப்ப 240.5. ரிம் 15 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 25.4 மில்லிமீட்டர், 381 ஆச்சு. ரெண்டையும் கூட்டினா 621.5 மில்லிமீட்டர். இதே மாதிரி 165/80 ஆர்14க்குப் போட்டுப் பாருங்க, 619.6 வரும். ரிம் ஒரு இன்ச் ஏறியும் மொத்த உயரம் ரெண்டு மில்லிமீட்டர் கூட மாறல பாத்தீங்களா, கம்பெனிக்காரன் வேணும்னேதான் அப்படி வச்சிருக்கான். ஸ்பீடோமீட்டர், ஏ.பி.எஸ், கியர் ரேஷியோ எல்லாமே வீல் ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுதுங்கிறதை நம்பித்தான் இருக்கு. ரிம் பெருசானா சைடுவால் குறையணும், மொத்த உயரம் அப்படியே நிக்கணும், முழு வித்தையும் இவ்வளவுதான்.

16, 17 இன்ச் போனா என்ன ஆகும்

15 இன்ச் ஸ்விஃப்ட்டுக்கு 16 போடணும்னு ஆசைன்னா 195/55 ஆர்16. மொத்த உயரம் 620.9, பழசுக்கும் இதுக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல. பலேனோவோட மேல் வேரியன்ட்டுக்கு மாருதியே இந்த சைஸைத்தான் கொடுக்குது, அதனால டயரும் எல்லா பிராண்டுலயும் ஈஸியா கிடைக்கும். 205/50 ஆர்16 போட்டா 611.4, சுமார் 1.6 சதவீதம் கம்மி, பரவால்ல, ஓட்டலாம்.

ஆனா சில கடையில "ப்ரோ இது செம லுக்கா இருக்கும்"னு 195/50 ஆர்16 எடுத்துக் கொடுப்பாங்க, அது 601.4 மில்லிமீட்டர்தான், 3.2 சதவீதம் கம்மி. கார் 10 மில்லிமீட்டர் கீழ இறங்கிடும், வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல கேப் இன்னும் பெருசா தெரியும், லுக்குக்காகப் போட்டதே அசிங்கமாயிடும், அதோட ஓடோமீட்டர் ஆயிரம் கிலோமீட்டர் காட்டும்போது வண்டி நிஜத்துல 970க்கும் கம்மியாத்தான் ஓடியிருக்கும், சர்வீஸும் வாரன்ட்டி கிலோமீட்டரும் சீக்கிரம் சீக்கிரம் வந்துடும்.

அதுக்கு நேர் எதிரா, வண்டி உயரமா இருக்கணும்னு 205/60 ஆர்16 போடுறவங்களும் இருக்காங்க. 652.4 மில்லிமீட்டர், அஞ்சு சதவீதம் கூட. மீட்டர்ல 100 காட்டும்போது பழைய டயர்ல ஓடினதை விட 5 கிலோமீட்டர் வேகமா போயிட்டு இருப்பீங்க, பிக்கப் அடி வாங்கும், முழு லோடுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது டயர் உள்ள லைனர்ல (வீலுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு) உரசும். உரசுற சத்தம் மட்டும் பிரச்னை இல்ல, ஒரே இடத்துல உரசி உரசி டயர் அறுந்து போகும், ஹைவேல அது வெடிச்சா யாரும் ஸ்டியரிங்கைப் புடிக்க முடியாது. அதனால கம்பெனி உயரத்துல இருந்து 2 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க, 3ஐத் தாண்டவே வேணாம்.

17 இன்ச் பத்தி கேப்பீங்க. 205/45 ஆர்17, மொத்த உயரம் 616.3, கணக்குப்படி ஒரு சதவீதம் கூட வித்தியாசம் இல்ல. ஆனாலும் ஸ்விஃப்ட் சைஸ் காருக்கு நம்ம ரோட்டுல நான் வேணாம்னுதான் சொல்லுவேன். சைடுவாலை மட்டும் தனியாப் பாருங்க: 14 இன்ச் டயர்ல 132 மில்லிமீட்டர், 15ல 120, 16ல 107, 17ல வெறும் 92. பள்ளத்துல விழும்போது அடியை மொதல்ல வாங்குறது அந்த ரப்பர்தான், அது பத்தலைன்னா அடி நேரா ரிம்முக்குப் போகும். மழை நேரத்துல வேளச்சேரி பக்கமோ இல்ல மெட்ரோ வேலை நடக்கிற எந்த ரோட்டுலயுமோ தண்ணி நிக்கிற இடத்துல பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது, அம்பதுல போய் விழுந்தா ரிம்முக்கும் பள்ளத்தோட விளிம்புக்கும் நடுவுல சைடுவால் மாட்டி நசுங்கி உள்ள இருக்கிற நூல் அறுந்துடும். அடுத்த நாள் பாத்தா சைடுவால்ல முட்டை மாதிரி ஒரு வீக்கம் நிக்கும், அதுக்குப் பஞ்சர் கடையில வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கித்தான் போடணும். அலாயும் சேர்ந்து விரிசல் விட்டுச்சுன்னா வெல்டிங் வச்சுத் தரேன்னு ஆள் இருப்பாங்க, தயவு செஞ்சு அந்த வீலைத் திரும்ப வண்டியில மாட்டாதீங்க.

அதனால கம்பெனி சைஸ்ல இருந்து ஒரு இன்ச் ஏத்தலாம், அதுக்கு மேல வேணாம். 14 இன்ச் ஸ்விஃப்ட் வச்சிருக்கவங்க 15க்குப் போனாலே வண்டி பாக்க வேற மாதிரி ஆயிடும், 185/65 ஆர்15 போட்டா கம்பெனியே மேல் வேரியன்ட்டுக்குக் கொடுத்த சைஸ், கொஞ்சம் அகலம் வேணும்னா 195/60 ஆர்15, அது 615 மில்லிமீட்டர், அதுவும் ஓகே. வேற கார் வச்சிருக்கவங்களுக்கும் இதே வழிதான், உங்க மாடலோட டாப் வேரியன்ட்ல என்ன சைஸ் வருதுன்னு மொதல்ல பாருங்க. அந்த சைஸுக்கு கம்பெனியே டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டான், உரசுமா உரசாதான்னு நீங்க உக்காந்து கவலைப்பட வேணாம்.

ரிம் அகலம்

டயர் சைஸ் முடிவாச்சுன்னா அடுத்தது ரிம் எத்தனை ஜேங்கிறது. 6ஜேன்னா ரிம்மோட உள் அகலம் 6 இன்ச். ஒவ்வொரு டயருக்கும் இத்தனைல இருந்து இத்தனை வரைக்கும்தான்னு ஒரு ரேஞ்ச் இருக்கு, டயர் கம்பெனி சைட்லயே போட்டிருப்பாங்க. 185/65 ஆர்15க்கு 5ல இருந்து 6.5ஜே வரைக்கும், 195/55 ஆர்16க்கு 5.5ல இருந்து 7 வரைக்கும், 205/45 ஆர்17க்கு 6.5ல இருந்து 7.5 வரைக்கும். ரேஞ்சோட நடுவுல இருக்கிறதுதான் நல்லது, 195/55க்கு 6ஜே அளவெடுத்து தச்ச மாதிரி உக்காரும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம்ம கடைகள்ல 15 இன்ச்சுலயே 7ஜே அலாய் நிறைய விக்குது, பழைய 185 டயரை எடுத்து அதுலயே மாட்டிக் கொடுத்துடுவாங்க, டயர் ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு நிக்கும், ரிம் விளிம்பு டயரை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பிளாட்ஃபாரம் ஓரமா பார்க் பண்ணும்போது மொதல்ல தேயறது புது அலாய்தான். அதுக்கும் மேல, திருப்பத்துல வேகமா திரும்பும்போது டயர் விளிம்பு ரிம்ல இருந்து விலகவும் வாய்ப்பு இருக்கு.

பி.சி.டி, நடு ஓட்டை, ஈ.டி

பி.சி.டின்னா நட்டு ஓட்டைகள் இருக்கிற வட்டத்தோட அளவு. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் 4x100, அதாவது நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் 4x108, வி.டபிள்யூ போலோ 5x100, கிரெட்டா, இன்னோவா 5x114.3. இது ஒரு மில்லிமீட்டர் கூட மாறக்கூடாது. எட்டு ஓட்டை போட்டு 100க்கும் 108க்கும் ரெண்டுக்குமே பொருந்துற அலாய் வருது, அதை எடுக்கலாம், தப்பில்ல, ஆனா 100 ஓட்டையை ராவி 108க்குப் பொருத்தித் தரேன்னு யாராவது சொன்னா அந்தக் கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

நடு ஓட்டை இருக்கு பாருங்க, நிறைய பேர் அதைக் கண்டுக்கவே மாட்டாங்க. ஸ்விஃப்ட்டோட ஹப் (வீலோட நடு ஓட்டை போய் உக்கார்ற வண்டிப் பக்கத்து மேடு) 54.1 மில்லிமீட்டர், ஆனா கடையில விக்கிற அலாய்ல அந்த ஓட்டை 73.1 வரைக்கும் இருக்கும், எல்லாக் காருக்கும் போகணும்னு பெருசாவே செஞ்சிருப்பாங்க. அப்படியே மாட்டினா வீலை நடுவுல நிறுத்துறது நட்டு மட்டும்தான், கொஞ்சம் தள்ளி உக்காந்தாலும் எண்பது தொண்ணூறுல ஸ்டியரிங் நடுங்கும், நீங்களும் பேலன்சிங் பேலன்சிங்னு அலைவீங்க, பேலன்சிங் கரெக்டாத்தான் இருக்கும். 73.1க்கு 54.1னு கேட்டு நாலு ஹப் ரிங் (அந்த இடைவெளியை அடைக்கிற வளையம்) வாங்கி மாட்டுங்க, வீல் விலையோட பாத்தா அது ஒரு காசே இல்ல.

அடுத்தது ஈ.டி, ஆஃப்செட்னும் சொல்லுவாங்க. வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல ஒட்டுற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குங்கிற கணக்கு. நம்பர் பெருசானா வீல் உள்ள போகும், சின்னதானா வெளிய வரும். வீலோட பின்பக்கத்துல ஈ.டி 45ன்னோ 40ன்னோ அச்சடிச்சிருப்பாங்க, உங்க பழைய வீலைக் கழட்டி அந்த நம்பரை மொதல்ல குறிச்சுக்கோங்க. இப்ப பழசு 5.5ஜே, ஈ.டி 45ன்னு வச்சுப்போம். புதுசு 7ஜே, ஈ.டி 35. அகலம் ஒன்றரை இன்ச் கூடினதுல பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர், ஈ.டி குறைஞ்சதுல இன்னும் 10, ஆக மொத்தம் வீல் 29 மில்லிமீட்டர் வெளிய வந்துடும், உள்பக்கமும் ஸ்ட்ரட்டை (வீலுக்குப் பக்கத்துல நிக்கிற சஸ்பென்ஷன் கம்பம்) நோக்கி 9 மில்லிமீட்டர் போகும். கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் வெளிய வந்தா ஃபெண்டரை விட்டு டயர் எட்டிப் பாக்கும், மழையில சேறு முழுக்க கதவுல அடிக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும், பள்ளத்துல ஸ்டியரிங் பக்கவாட்டுல இழுக்கும். அதுவே 6ஜே, ஈ.டி 45 எடுத்தா ரெண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டர்தான் கூடும், எதுலயும் இடிக்காது. ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற தட்டு) போட்டு சமாளிச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, வேணாம், சரியான ஈ.டி இருக்கிற வீலைத் தேடி வாங்குங்க.

நட்டும் பாக்கணும். சில கம்பெனி வீலுக்கு உருண்டை முகம் உள்ள நட்டு, வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு முகம். தப்பான நட்டு மாட்டினா டைட் ஆன மாதிரியே இருக்கும், ஆனா ஒட்டுற இடம் ரொம்பக் கொஞ்சம்தான், ஓட ஓட லூசாயிடும். ஸ்பேனர்ல இறுக்கி முடிச்சுட்டாங்கன்னு விட்டுடாதீங்க, மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நட்டைக் கையில வாங்கி அந்த ஓட்டையில வச்சுப் பாருங்க, முகம் முழுசா ஒட்டி உக்காரணும், ஆடக்கூடாது.

லோடு நம்பர், ஸ்பீடு எழுத்து, தேதி

88ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87ன்னா 545, 84ன்னா 500, 91ன்னா 615. கம்பெனி டயர்ல இருக்கிற நம்பரை விட கீழ போகாம பாத்துக்கோங்க. இங்க ஒரு சின்ன சிக்கல் இருக்கு, 185/65 ஆர்15ல 88 வரும், ஆனா சாதாரண 195/55 ஆர்16ல 87தான். நாலு டயருக்கும் சேத்து 2,180 கிலோ, ஸ்விஃப்ட் முழு லோடுல கூட அவ்வளவு வராது, அதனால பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனாலும் அடிக்கடி அஞ்சு பேர் லக்கேஜோட ஊருக்குப் போறவங்க எக்ஸ்.எல்னு (கூடுதல் லோடு தாங்குற வகை) போட்ட 91 டயர் கிடைச்சா அதையே எடுங்க, சைடுவாலும் கொஞ்சம் கெட்டியா இருக்கும். 205/45 ஆர்17ல சாதாரண டயர் 84க்கு இறங்கிடும், எக்ஸ்.எல்தான் 88, நான் 17 வேணாம்னு சொல்றதுக்கு இது இன்னொரு காரணம்.

ஸ்பீடு எழுத்துல எஸ்னா 180, டின்னா 190, எச்னா 210, வின்னா 240 கிலோமீட்டர். பழசுல இருந்த எழுத்தோ அதுக்கு மேலயோ இருந்தா போதும்.

தேதியைப் பாக்காம டயர் வாங்காதீங்க. சைடுவால்ல டாட்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2324ன்னா 2024ல 23வது வாரம் செஞ்சது. ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம்தான் அது முழுசா இருக்கும், அதனால டயரைத் திருப்பியும் பாருங்க. ஆஃபர்னு கொடுக்கிற டயர்ல மூணு வருஷப் பழசும் வரும். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கணும். அலாய்லயும் பின்பக்கம் ஐ.எஸ்.ஐ, ஜே.டபிள்யூ.எல் (ஜப்பானோட அலாய் வீல் தர முத்திரை) மாதிரி முத்திரையும் எவ்வளவு லோடு தாங்கும்ங்கிற நம்பரும் இருக்கான்னு பாருங்க. எந்த எழுத்துமே இல்லாத வழவழ வீல் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேணாம்.

கடையிலயே செக் பண்ணுங்க

நாலு டயரையும் உடனே மாட்டச் சொல்லாதீங்க. முன்னாடி ஒண்ணுல மட்டும் டயர் ஏத்தி, வண்டியில மாட்டி, கீழ இறக்கி, ஸ்டியரிங்கை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் முழுசா திருப்பச் சொல்லுங்க. குனிஞ்சு உள்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவுல விரலை விட்டுப் பாருங்க, ஒரு விரல் தாராளமா போகணும். பிரேக் கேலிப்பர் அலாயோட உள்பக்கத்துல இடிக்காம சுத்துதான்னு கையால சுத்திப் பாருங்க. அப்புறம் அதே வீலைப் பின்னாடி மாட்டி, பின்சீட்டுல மூணு பேரை உக்கார வச்சு ஃபெண்டர் விளிம்பைப் பாருங்க, தனியா வந்து தனியா பாத்துட்டுப் போறவங்களுக்கு வீட்டுல எல்லாரும் ஏறின அன்னைக்குத்தான் உரசுற சத்தம் கேக்கும். டயரை ஓட்டிட்டா கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், ஆனா இந்த நிலைமையில சைஸ் மாத்திக் கேக்கலாம்.

எல்லாம் ஓகேன்னா பேலன்சிங், அலைன்மென்ட் ரெண்டும் பண்ணிடுங்க. அலாய்க்கு உள்பக்கம் ஒட்டுற வெயிட் போடச் சொல்லுங்க, விளிம்புல அடிக்கிற வெயிட் பெயின்ட்டைக் கெடுத்துடும்.

ஸ்டெப்னி பழைய ஸ்டீல் வீலாவே இருக்கட்டும். மொத்த உயரம் மாறாத சைஸைத் தேர்ந்தெடுத்திருந்தா பஞ்சர் ஆனப்ப அதை மாட்டிக்கிட்டு கடை வரைக்கும் மெதுவா போயிடலாம். ஆனா ஸ்டீல் வீலுக்கு வந்த பழைய நட்டுகளைக் கடையில விட்டுட்டு வராதீங்க, புது அலாய் நட்டு அதுக்குப் பொருந்தாமப் போகலாம், ராத்திரி திண்டிவனம் தாண்டி நிக்கும்போது அது தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க, ஒரு பையில போட்டு டிக்கியிலயே வச்சிருங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி.ல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, அதனால கம்பெனி சைஸை ஒட்டியே இருக்கிறது அந்த வகையிலயும் நல்லது, ஃபெண்டருக்கு வெளிய நீட்டுற வீல்னா வழியில நிறுத்திக் கேள்வி கேப்பாங்க. பில்லை பத்திரமா வச்சு, இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எழுதிக் கொடுத்து பாலிசியில சேத்துடுங்க, சேக்காம விட்டா வீல் திருடு போனாலோ உடைஞ்சாலோ அந்தப் பணம் வராது.

காத்து எவ்வளவு வைக்கணும்ங்கிறது டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். அந்த நம்பருக்குக் கீழ போகாதீங்க, சைடுவால் குறைஞ்சதால ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ கூடவே வச்சுக்கலாம், எக்ஸ்.எல் டயர்னா ரெண்டு மூணு. டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காலையில செக் பண்ணுங்க. புது அலாய் மாட்டி 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டு எல்லாத்தையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல இருக்கிற அளவுக்கு இறுக்கிடுங்க, ஏன்னா பெயின்ட் அழுந்தி நட்டு கொஞ்சம் இளகும், மாட்டின கடையிலயே காசு வாங்காம பண்ணிக் கொடுப்பாங்க.